அமெரிக்கப் பிள்ளைகளின் குழப்படியை எங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி
எழுதியவர்: குருமண்வெளிக் கரை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலோடு வந்திருக்கிறேன். சொல் தேடித்தான் தொடங்கினேன், இப்போது வேறெங்கோ போய் நிற்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர் நூலகத்தின் பின் விறாந்தையில் வாசிப்பு வட்டம் ஒன்று நடக்கிறது. பதினொரு பிள்ளைகள், எல்லோரும் அடுத்த முறை பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சை எழுதுகிறவர்கள். ரியூசன் முடிந்து நேராக வருவார்கள். பசியோடு வருவார்கள் என்பதால் கச்சான் அவித்து வைத்திருப்பேன். இரண்டு பேர் மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து வருகிறார்கள். குருமண்வெளித் துறையில் பாதை (ஆட்களை வாவி கடத்தும் மிதவை) புறப்படும் நேரத்தைப் பார்த்துத்தான் வாசிப்பை நிறுத்துவேன்.

இந்த முறை எடுத்தது ஓர் அமெரிக்க இளையோர் நாவல். மச்சாள் கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்தது. ஒரே ஒரு பிரதி, அதுவும் ஆங்கிலம். அதனால் கிழமைக்கு ஓர் அத்தியாயத்தை நானே தமிழில் எழுதிப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுக்கிறேன். கதை இதுதான்: பாடசாலையின் கடைசி வருடத்தில் ஐந்து நண்பர்கள். இரவில் ஒளித்துக் கூடி, யாரும் நினைத்துப் பார்க்காத குழப்படிகளைச் செய்கிறார்கள். அதே ஐந்து பேரும் ஹார்வார்ட், யேல் மாதிரிப் பெரிய இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். பிடிபட்டால் எல்லாம் போச்சு.

முதல் சிக்கல் தலைப்பிலேயே வந்தது. அவர்கள் செய்வதற்கு ‘பகிடி’ என்று எழுதினேன். அத்தியாயத்தைக் கையில் வாங்கிய உடனே ஒரு பொடியன் கேட்டான், “இது ராகிங் கதையா டீச்சர்?” பகிடிவதை என்ற சொல்லை எங்கள் பிள்ளைகள் பத்திரிகையிலும் அண்ணாமார் வாயிலும் கேட்டுக் கேட்டு, பகிடி என்றாலே அவர்களுக்கு முதலாம் வருடப் பிள்ளையை முழங்காலில் இருத்துவதுதான் நினைவுக்கு வருகிறது. பகிடி என்றால் வெறும் சிரிப்பும் கேலியும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அடுத்தது ‘கல்லூரி’. ‘புகழ்பெற்ற கல்லூரியில் அனுமதி’ என்று எழுதியிருந்தேன். இங்கே கல்லூரி என்றால் பாடசாலைதானே. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஏன் ஆறாம் ஆண்டு அனுமதிக்கு அலைகிறார்கள் என்று குழம்பிப் போனார்கள். அது என் கவலையீனம். தமிழ்நாட்டுப் புத்தகங்கள் வாசித்து வாசித்து எனக்கு அந்தச் சொல் கையில் ஒட்டிவிட்டது.

மூன்றாவது, ஆசிரியர் மாணவனைப் பற்றி எழுதிக் கொடுக்கும் கடிதம். ‘சிபாரிசுக் கடிதம்’ என்று போட்டேன். உடனே ஒரு பிள்ளை, “அங்கேயும் எம்பியிட்ட கடிதம் வாங்கணுமா?” என்றாள். அவள் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

இவையெல்லாம் சொற்கள். யோசித்தால் மாற்றிவிடலாம். நான்காவதுதான் என்னை இங்கே எழுத வைத்தது.

மூன்றாம் அத்தியாயத்தில் அந்த நண்பர்களில் ஒருத்தி, இந்த விஷயம் வெளியே வந்தால் பல்கலைக்கழகம் தன்னை எடுக்காது என்று இரவெல்லாம் அழுகிறாள். வாசித்து முடித்ததும் பயோ (உயிரியல்) படிக்கும் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். அதிகம் கதைக்காத பிள்ளை. “டீச்சர், சோதினையில நல்லாச் செஞ்சாக் காணுந்தானே? குழப்படி செஞ்சதுக்கு என்னத்துக்குக் கம்பஸ் இல்லாமப் போகும்?”

அங்கே சோதனைப் புள்ளி மட்டும் இல்லை, ஆள் எப்படிப்பட்டவர் என்றும் பார்ப்பார்கள், என்ன எழுதுகிறார், ஊருக்கு என்ன செய்தார், ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள், எல்லாம் பார்ப்பார்கள் என்று விளக்கினேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மறுகா கேட்டாள்: “அப்ப எங்கள ஆரு டீச்சர் பாக்கிற?”

என்னிடம் பதில் இல்லை. பாதைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எல்லோரையும் எழுப்பிவிட்டேன். அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி என்னோடு கிடந்தது.

கூட வேலை செய்கிற டீச்சர் ஒருவர், கதையை அப்படியே மட்டக்களப்புக்கு மாற்றிவிடு, பிள்ளைகளுக்கு விளங்கும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் இப்படியே விட்டால் அந்த ஐந்து பேரின் பயம் எங்கள் பிள்ளைகளுக்குத் தொற்றப் போவதில்லை. பயம் தொற்றாவிட்டால் கதை ஏது?

அங்கே உள்ள அனுமதி முறை தெரிந்தவர்கள், இங்கே பிள்ளைகளோடு பழகியவர்கள், யாராவது சொல்லுங்கள். நான் என்ன செய்ய?


பதில் 1
எழுதியவர்: மூன்றாம் சை

அக்கா, நான் ஏறாவூர்ப் பக்கம். மூன்றாவது தடவை எழுதித்தான் கம்பஸ் வந்தேன். இப்போது இரண்டாம் வருடம்.

‘பகிடி’யைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 1998இல் பகிடிவதைக்கு எதிராகச் சட்டம் வந்தது, 20ஆம் இலக்கம். அந்த வருடம் நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் முதல் மூன்று மாதம் நான் இரவில் விடுதிக்குப் போகப் பயந்து பள்ளிக்கூட நண்பன் ஒருவனின் வாடகை அறையில் தரையில் படுத்திருக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போதும் வயிறு இறுகும். நீங்களே கேள்வியில் ‘குழப்படி’ என்று எழுதியிருக்கிறீர்கள், பிறகு என்ன தேடுகிறீர்கள்? எங்கள் அம்மா மூன்று வயதுத் தம்பியையும் குழப்படிக்காரன் என்பார், முப்பது வயது மாமாவையும் குழப்படிக்காரன் என்பார். அதில் ஒருவரையும் தாழ்த்துகிற கெடுதல் இல்லை.

ஆனால் கதையை இங்கே மாற்றச் சொல்லும் டீச்சர் பக்கம்தான் நான். பெரிய இடத்துக்கு அனுமதி என்ற போட்டி எங்களுக்குப் பத்து வயதிலேயே வருகிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். அதில் வெட்டுப்புள்ளி எடுத்தால் டவுனில் பெரிய பாடசாலை, இல்லாவிட்டால் ஊரில் இருக்கிற பாடசாலை. எனக்கு இரண்டு புள்ளியில் போனது. என்னோடு இருந்தவன் போய்விட்டான், நான் நின்றுவிட்டேன். அந்த வயதுப் பிள்ளைகளை வைத்து எழுதினால் பயத்தை விளக்கவே தேவையில்லை, அக்கா. எல்லோருக்கும் அது உடம்பில் இருக்கிறது.


பதில் 2
எழுதியவர்: மருதமுனை நெசவு

டீச்சர், நான் மருதமுனையில் பிறந்து வளர்ந்தவன். இருபது வருடத்துக்கு மேலாக அமெரிக்காவில், பொஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என் மகள் இப்போது பாடசாலையின் கடைசி வருடம். நீங்கள் கேட்டதை நான் இந்த மாதம் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கதையை மாற்ற வேண்டாம். தம்பி சொன்னது நல்ல கதைதான், ஆனால் அது வேறு கதை, அதை அவரே எழுத வேண்டும். உங்கள் கையில் இருக்கும் கதையின் பயம் எங்கே இருக்கிறது தெரியுமா? நாட்காட்டியில். இங்கே பிள்ளைகள் நவம்பர் முதலாம் திகதி வாக்கிலோ ஜனவரித் தொடக்கத்திலோ விண்ணப்பிப்பார்கள். முந்தி விண்ணப்பித்தவர்களுக்கு டிசம்பரில் பதில் வரும். மற்றவர்களுக்கு மார்ச் கடைசியில். ஆனால் பாடசாலை மே, ஜூன் வரை நடக்கும். அதாவது பல்கலைக்கழகம் அவர்களைப் பற்றி முடிவெடுக்கும் அதே மாதங்களில் அவர்கள் அதே வகுப்பறையில், அதே அதிபரின் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார்கள். அரை வருடப் புள்ளிகளைப் பாடசாலை பிறகும் அனுப்ப வேண்டும். இடம் கிடைத்த பிறகும் பறிக்கலாம். 2017இல் ஹார்வார்ட் குறைந்தது பத்துப் பேருக்குக் கொடுத்த இடத்தைத் திருப்பி எடுத்தது. அவர்கள் முகநூல் குழு ஒன்றில் மற்றவர்களைக் கேவலப்படுத்திப் படங்கள் பகிர்ந்திருந்தார்கள். அது குழப்படி இல்லை, கொடூரம். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று உங்கள் பிள்ளைகளோடு கதைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊரில் இது நடக்கவே முடியாது. சோதினை எழுதி முடிந்ததும் பிள்ளை பாடசாலையை விட்டு வெளியே. பல மாதம் கழித்துப் பெறுபேறு, இன்னும் பல மாதம் கழித்து வெட்டுப்புள்ளி. அதற்குள் பிள்ளை கடையில் நிற்கும், வயலில் நிற்கும், கட்டாருக்குப் போயிருக்கும். குழப்படி செய்ய அங்கே வகுப்பறை ஏது? உயர்தரப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நான்கு தசமத் தானத்தில் வருகிற இசட் புள்ளி ஒன்று, மாவட்டம் ஒன்று. நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான திறமைப் பட்டியலில், 55 இடம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மீதி 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குள் இருக்கின்றன. அந்தக் கணக்குக்குள் பிள்ளையின் முகம் வராது. இந்த நாட்காட்டியையும் அந்த நாட்காட்டியையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். அந்தப் பிள்ளை ஏன் அழுகிறாள் என்பது விளங்கும்.

ஒழுக்காற்று விஷயம்: பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதில் ‘பாடசாலை உங்களுக்குத் தண்டனை கொடுத்ததா’ என்று ஒரு கேள்வி முன்பு இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் கூடுதலாகத் தண்டனை கொடுக்கின்றன, அதனால் அந்தக் கேள்வி அவர்களைத்தான் கூடுதலாகத் தாக்குகிறது என்று 2021இலிருந்து பொதுப் பகுதியில் அதை எடுத்துவிட்டார்கள். விரும்பிய பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம்.

இன்னொன்று பிள்ளைகளுக்குப் பிடிக்கும். என் வீட்டிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் எம்.ஐ.டி என்ற பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1994 மே மாதம் ஒரு காலையில் அதன் பெரிய குவிமாடத்தின் உச்சியில் வளாகப் பொலிஸ் கார் ஒன்று நின்றது, விளக்கு மின்னியபடி. பழைய கார் ஒன்றின் வெளித் தகடுகளைக் கழற்றி மரச் சட்டத்தில் பொருத்தி இரவோடு இரவாக மேலே ஏற்றியிருந்தார்கள். உள்ளே பொம்மைப் பொலிஸ்காரர், பக்கத்தில் ஒரு பெட்டி டோனட். இங்கே நிறுத்த அனுமதி இல்லை என்று கண்ணாடியில் தண்டச்சீட்டும் ஒட்டியிருந்தது! 2006இல் அதே எம்.ஐ.டி மாணவர்கள் வீட்டுச் சாமான் ஏற்றுகிறவர்கள் மாதிரி நடித்து, நாட்டின் மறுகரையில் கால்டெக் என்ற இன்னொரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் இருந்த பழைய பீரங்கியையே லொறியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு தொன்னுக்கு மேலான பீரங்கி. எதையும் உடைக்கக் கூடாது, யாருக்கும் காயம் வரக் கூடாது, செய்த இடத்தை இருந்தபடியே விட வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். அந்த நாவலின் வேர் இந்த மரபில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் பிள்ளை கேட்டது. “எங்கள ஆரு பாக்கிற?”

டீச்சர், பார்க்கப்படுவதும் ஒரு சுமைதான் என்று அவளிடம் சொல்லுங்கள். என் மகள் 650 சொல்லுக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். என் உம்மா மருதமுனையில் தறியில் இருந்து எங்களை வளர்த்தவர். மகள் அதைப் பற்றி எழுதினாள். எழுதியதைப் பாடசாலை ஆலோசகர் வாசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கஷ்டத்தைச் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்றாராம். மகள் அன்றிரவு என்னிடம் வந்து, “வாப்பா, உம்மம்மா இதுக்குச் சம்மதிப்பாவா?” என்று கேட்டாள். பதினேழு வயதில் தன் வீட்டைத் தானே விலை பேச வேண்டியிருக்கிறது. விளையாட்டு, தொண்டு வேலை, வாத்தியம் என்று நாலு வருடமாக எதைச் செய்தாலும், ‘இது விண்ணப்பத்தில் எப்படித் தெரியும்’ என்ற நினைப்பு. அந்த ஐந்து பேர் இரவில் ஒளித்துக் குழப்படி செய்வது ஏன் என்று எனக்கு நன்றாக விளங்குகிறது. விண்ணப்பத்தில் எழுத முடியாத ஒன்று அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

பார்க்கிறவர்கள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதும் இல்லை. பழைய மாணவரின் பிள்ளை என்றால் சில இடங்களில் தனிச் சலுகை. 2019 மார்ச்சில் பெரிய மோசடி ஒன்று வெளியே வந்தது. பணக்காரப் பெற்றோர் ரிக் சிங்கர் என்ற தரகருக்குக் காசு கொடுத்து, சோதினை விடைகளைத் திருத்தியும், விளையாடத் தெரியாத பிள்ளையை விளையாட்டு வீரராகக் காட்டியும் இடம் வாங்கியிருந்தார்கள். 2023 ஜனவரியில் அவருக்கு மூன்றரை வருடச் சிறை. ஹார்வார்டில் நூறு பேர் கேட்டால் நாலு பேர் அளவுக்குத்தான் இடம். அதற்குள்தான் இத்தனையும். நம் இசட் புள்ளிக்கு முகம் தெரியாது, உண்மை. ஆனால் மருதமுனைத் தறிக்காரியின் மகன் என்று என்னைத் தள்ளி வைக்கவும் அதற்குத் தெரியவில்லை. நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது அதனால்தான்.


பதில் 3
எழுதியவர்: ஓய்வில் ஒரு பிரதி அதிபர்

மகள், நான் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் ஒரு பாடசாலையில் பிரதி அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். மருதமுனைத் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அதில் ஒன்றை மட்டும் திருத்த விரும்புகிறேன். இங்கேயும் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற இடம் ஒன்று இருக்கிறது. விடுகைப் பத்திரம். அதில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம். கம்பஸுக்கு அது பெரிதாகத் தேவைப்படாது, வேலைக்குப் போகும்போது கேட்பார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்தக் கட்டத்தை நிரப்பியவன் நான்.

அந்த நாவலில் பிள்ளைகள் இரவில் கூடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் இரவு என்பது நீண்ட காலம் பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. தொண்ணூறுகளில் பொழுது பட்டால் பொடியன்மாரை வீட்டுக்கு வெளியே விட மாட்டோம். சுற்றிவளைப்பு, பிடித்துக்கொண்டு போவது, எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று தெரியாது. அந்தத் தலைமுறை செய்த குழப்படி எல்லாம் பகல் குழப்படி. சோக்கை ஒளிப்பது, மணிக்குக் கட்டிய தண்டவாளத் துண்டைக் கழற்றி வைப்பது, அவ்வளவுதான்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்தது. அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை காலை நான் பாடசாலைக்குப் போகிறேன், பிள்ளைகள் எல்லோரும் முற்றத்தில் அண்ணாந்து நிற்கிறார்கள். எங்கள் பௌதிகவியல் சேரின் லுமாலா சைக்கிள் தண்ணீர்த் தாங்கியின் மேல் நிற்கிறது. ஸ்டாண்ட் போட்டு, பூட்டு பூட்டியபடி. திறப்பு சேரின் மேசை லாச்சிக்குள் இருந்தது. ஒரு கீறல் இல்லை. கப்பி போட்டுக் கயிற்றால் ஏற்றியிருக்கிறார்கள், பௌதிகவியல் பாடத்தில் அந்தத் தவணை படித்த அதே கப்பி.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பயம். இரவில் வந்திருக்கிறார்களே, யாராவது கண்டிருந்தால், சுட்டிருந்தால் என்று. பிறகுதான் விளங்கியது, பிள்ளைகள் இரவில் வெளியே வந்து, சிரித்து விளையாடி, பத்திரமாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்த மதில் ஓரத்தில் நின்று நான் கண்ணைத் துடைத்தேன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆனால் என் பதவிக்கு ஒரு தண்டனை வேண்டியிருந்தது. ஐந்தாறு பேர் செய்த வேலை. பிடிபட்டவன் ஒருவன், கயிறு அவன் வீட்டு மாட்டுக் கயிறு. மற்றவர்களின் பெயரை அவன் சொல்லவே இல்லை. அடுத்த வருடம் விடுகைப் பத்திரம் எழுதும்போது அவனுடைய நடத்தைக் கட்டத்தில் ‘திருப்தி’ என்று எழுதினேன். மற்ற எல்லோருக்கும் ‘மிக நன்று’. ஒரு பின்னேரம், அடுக்கி வைத்த பத்திரங்களுக்கு நடுவில், அரை நிமிடம் யோசித்து எழுதிய சொல். நாலு வருடம் கழித்து ஒரு நேர்முகப் பரீட்சையில் அந்தச் சொல்லைக் காட்டி, என்ன குற்றம் செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் வந்து என்னிடம் சொன்னான், குறையாகச் சொல்லவில்லை. “சேர், சைக்கிள் கதையச் சொன்னன், அவங்க நம்பல்ல” என்றான். வேலை கிடைக்கவில்லை. புதிதாக ஒரு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன், ஒரு பக்கம் முழுக்க. நண்பர்களைக் காட்டிக் கொடுக்காதவன் என்றும் எழுதினேன். அதற்குள் அந்த இடம் நிரம்பிவிட்டது.

அவன் இன்று நன்றாக இருக்கிறான், கடவுள் புண்ணியம். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதற்கு என் பதில்: பார்க்க வேண்டிய இடத்தில் நாங்கள்தான் இருந்தோம், மகள். எங்களுக்கு ஒரு கட்டமும் ஒரு சொல்லும் தந்தார்கள். அந்த ஒரு சொல்லைக்கூட நான் சரியாக எழுதவில்லை.

‘சிபாரிசுக் கடித’த்துக்கு நற்சான்றிதழ் என்றே போடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல், எம்பி வர மாட்டார்.


பதில் 4
எழுதியவர்: குருமண்வெளிக் கரை

எல்லோருக்கும் நன்றி. சேர், உங்கள் பதிலை வாசித்த பிறகு இரண்டு நாள் என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை.

நேற்று வாசிப்பு வட்டம். செய்ததைச் சொல்கிறேன். முதல் மூன்று அத்தியாயங்களையும் திருத்தி எழுதினேன்: குழப்படி, பல்கலைக்கழகம், நற்சான்றிதழ். கதையை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டேன். தம்பி, நீங்கள் புலமைப்பரிசில் கதையை எழுதுங்கள், முதல் வாசகர்களாகப் பதினொரு பேரை நான் தருகிறேன். அந்த இரண்டு புள்ளியிலிருந்தே தொடங்குங்கள்.

இரண்டு நாட்காட்டிகளையும் பலகையில் வரைந்தேன். வரைந்து முடிக்கும் முன்பே ஒரு பொடியன், “அப்ப அவங்க மார்ச் வரைக்கும் நல்ல பிள்ளையா நடிக்கணும்” என்றான். விளங்கிவிட்டது! பொலிஸ் காரையும் பீரங்கியையும் சொன்னேன், அதற்கு விறாந்தையே அதிர்ந்தது. சைக்கிள் கதைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கயிற்றுக்காரப் பொடியன் இப்போது எங்கே என்றுதான் கேட்டார்கள். காத்திருப்போர் பட்டியல் என்று நாலாம் அத்தியாயத்தில் வருவதை விளக்கத் தயாராக வந்திருந்தேன், அதற்குத் தேவையே வரவில்லை. கம்பஸில் வெற்றிடம் நிரப்பக் கூப்பிடுவார்கள் என்று வருடக்கணக்காகக் காத்திருந்த அக்கா அண்ணா எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

பிறகு கேட்டேன்: விண்ணப்பத்துக்கு இல்லை, ஒருவருக்கும் அனுப்ப இல்லை, உங்களைப் பற்றி 650 சொல்லுக்குள் எழுதுங்கள், எந்தச் சான்றிதழிலும் வராத ஒன்றை எழுதுங்கள். அரை மணித்தியாலம் ஒரு சத்தமும் இல்லை. கச்சானைக்கூடத் தொடவில்லை. சிலர் தாங்கள் செய்த குழப்படியை எழுதியிருந்தார்கள், ஒருவன் தம்பிக்குச் சைக்கிள் பழக்கியதை எழுதியிருந்தான்.

அந்தப் பயோப் பிள்ளை அரைப் பக்கம்தான் எழுதினாள். போன வருடம் அவளுடைய சிநேகிதி வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பாடசாலைக்கு வரவில்லை. அம்மாவோடு வயலுக்குப் போனாள். உயர்தரம் எழுத நூற்றுக்கு 80 வரவு வேண்டும், இல்லாவிட்டால் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற முடியாது. அதனால் இடாப்புக் கூப்பிடும்போது இவள் தன் பெயருக்கு ஒரு குரலிலும் சிநேகிதியின் பெயருக்கு வேறு குரலிலும் ‘வந்திருக்கேன்’ சொல்லியிருக்கிறாள். பதினொரு நாள். வகுப்பு முழுவதற்கும் தெரியும், ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. கடைசி வரியில், இடாப்புக் கூப்பிட்ட டீச்சர் ஒரு நாளும் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாள். டீச்சரின் பெயரை எழுதவில்லை.

அந்த வகுப்புக்குப் பொறுப்பான டீச்சர் பிரசவ லீவில் நின்றபோது மூன்று கிழமை இடாப்புக் கூப்பிட்டது நான்.

அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கொப்பியை என் கையில் தந்துவிட்டுப் பாதைக்கு ஓடினாள். கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.